கட்ட வேண்டிய இடமும் கட்டக் கூடாத இடமும்

வீட்டில் யாராவது பழைய சாரனைக் கிழித்தால் அம்மா இன்றைக்கும் எழுந்து வளவுக்குள் போய்விடுவார். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. மாமாவுக்குப் பாம்பு கடித்த இரவில் கேட்ட சத்தம் அது.

2003, பெரும்போக அறுவடைக் காலம். எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்கும் அப்பால். பொழுதுபட்டு வரம்பால் வந்த மாமா கண்ணாடி விரியனை மிதித்துவிட்டார். நாலு பேர் தூக்கிவந்து விறாந்தையில் கிடத்தினார்கள். பெரியப்பா தன் சாரனைக் கிழித்து, கணுக்காலுக்கு மேலே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, தொடையில் ஒன்று என்று மூன்று கட்டுப் போட்டார். "இறுக்கடா, விசம் ஏறப் போகுது" என்று நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்படியே விசகடி வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். இரவில் பாதை ஓடாது. (வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் படகு.) விடிந்து முதல் பாதையில் குருமண்வெளிக்கு ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மாமா பிழைத்தார். கால்விரல் இரண்டு போனது. "விசம் செய்தது பாதி, உங்கட கட்டுச் செய்தது பாதி" என்று டொக்டர் சொன்னதாக மாமா பிறகு சிரித்துச் சிரித்துச் சொல்வார். பெரியப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

அடுத்தது 2018இல். களுதாவளைப் பக்கம், மெயின் ரோட்டில். மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் ஒருவன் டிப்பரில் மோதிக் கிடந்தான். தொடையிலிருந்து இரத்தம் விட்டுவிட்டுப் பீறியது. ஒருவர் தண்ணீர் பருக்கினார். ஒருவர் விசிறினார். நான் அப்போது ஒருநாள் முதலுதவி வகுப்பு முடித்து, சான்றிதழை லெமினேட் செய்து கடையில் தொங்கவிட்டிருந்தவள். லெமினேட் செய்வது என் தொழில்தானே, கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ஓடிப்போய் என் சால்வையை மடித்துக் காயத்தில் வைத்தேன். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிறகு மூன்று பேர் அவனைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஏற்றும்போது உயிர் இருந்தது.

மாமாவின் காலுக்கு மூன்று கட்டு. அந்தப் பொடியனின் காலுக்கு ஒரு கட்டும் இல்லை. இதை நான் இத்தனை வருசமும் இரண்டு வெவ்வேறு கதையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடந்த ஆவணியில் மட்டக்களப்பு டவுனில் ஐந்து நாள் உயர்நிலை அவசர சிகிச்சைப் பயிற்சிக்குப் போன பிறகுதான் இரண்டும் ஒரே கதை என்று பிடிபட்டது.

இருபது சொச்சம் பேர் இருந்தோம். வாழைச்சேனையிலிருந்து மீனவர் சங்கத்து ஆட்கள், காத்தான்குடியிலிருந்து மூன்று பொடியன்மார், ஏறாவூர் ஓட்டோக்காரர் ஒருவர், பாசிக்குடாவில் உயிர்காப்பு வேலை செய்யும் இருவர், என்னைப் போல ஊர்த் தொண்டர்கள் மிச்சம். பெண்கள் ஆறு பேர். நடத்தியவர்கள் ஒரு டொக்டரும், 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸில் வேலை செய்யும் இரண்டு தம்பிமாரும்.

இந்த 1990 சேவை வருவதற்கு முன் எங்கள் பக்கத்தில் அம்புலன்ஸ் என்றால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு ஆளை மாற்றுகிற வண்டி. வீட்டு வாசலுக்கு வரும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. இந்திய உதவியில் 2016இல் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை, 2018இல் வடக்கைத் தொட்டு, அப்புறம் எங்களிடமும் வந்தது. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். ஆனால் வண்டி எவ்வளவு கெதியாக ஓடினாலும் டவுனுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் வாவி இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை ஆட்களுக்கு வழி குறுகியது. எங்களுக்கு இன்னும் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றத்தான் வேண்டும். வண்டி வந்து சேரும்வரை உள்ள அந்த நேரம் யாருடையது என்பதுதான் பயிற்சியின் முதல் நாள் கேள்வி. மூளைக்குப் பிராணவாயு போகாவிட்டால் நாலைந்து நிமிடத்தில் சேதம் தொடங்கிவிடும். பெரிய நாடி அறுந்தால் அதுகூடக் கிடைக்காது.

"உயர்நிலை" என்ற சொல்லைக் கேட்டு, ஊசி போடப் பழக்குவார்கள், சேலைன் ஏற்றப் பழக்குவார்கள் என்று வந்தவர்கள் இருந்தார்கள். முதல் நாள் பின்னேரம்வரை நாங்கள் செய்தது, கிடக்கிற ஆளின் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி மூச்சு வழியைத் திறப்பது மட்டும்தான். அப்புறம் வாயில் வைக்கும் வளைந்த குழாய்: வாயின் ஓரத்திலிருந்து காதுச் சோணை வரை அளவு பார்த்து, பெரியவர்களுக்குத் தலைகீழாக விட்டுத் திருப்ப வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித் திருப்பக் கூடாது, ஓங்காளிக்கிற ஆளுக்கு வைக்கவே கூடாது. அளவு பிழைத்தால் திறக்க வந்த குழாயே அடைத்துவிடும்.

நெஞ்சு அமுக்குகிற நாள்தான் சிரிப்பும் வியர்வையுமாகப் போனது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். முப்பதுக்கு இரண்டு மூச்சு. எல்லோரும் முதல் நிமிடத்தில் 140இல் ஓடி, இரண்டாவது நிமிடத்தில் இளைத்து எண்பதுக்கு விழுந்தோம். எங்களில் ஒருவர் வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர், பரம்பரையாகக் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் குடும்பம். அவர் குந்தியிருந்து பொம்மையின் நெஞ்சில் கை வைத்தார், வாய்க்குள் ஏதோ தாளம் சொன்னார், தொடங்கினார். இரண்டு நிமிடமும் 110. பயிற்சியாளர் தம்பி மணிக்கூட்டைப் பார்க்கிறான், அவரைப் பார்க்கிறான். "அண்ணே, எப்பிடி?" "இது வரவுத் தாளம் மாதிரி மனே, ஓடவும் கூடா, இருக்கவும் கூடா" என்றார். அன்றைக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அவர் வாய்த் தாளத்துக்குத்தான் அமுக்கினோம். எனக்கு இன்றைக்கும் எண்ணிக்கை வராது, அவருடைய தாளம்தான் வரும்.

அன்றே ஒரு சண்டையும் வந்தது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற ஏ.ஈ.டி. கருவியின் பட்டிகளை நெஞ்சில் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். கிடப்பது பெண் என்றால்? ஏறாவூர் அண்ணன் வெளிப்படையாகவே கேட்டார்: "சேர், நான் ஒரு பொம்பிளைட சட்டையை ரோட்டில வெட்டினா, அவ பிழைச்சாலும் என்னை விடுவாங்களா?" சிலர் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. சுற்றி நிற்பவர்களை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தி, சேலையோ சாரனோ பிடிக்கச் சொல்லுங்கள், வெட்டுகிற இடத்தை மட்டும் வெட்டுங்கள், மூடிக்கொண்டே செய்யலாம் என்று செய்து காட்டினார். இதைப் பேசாமல் விட்டிருந்தால் அந்த வகுப்பில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் ஒரு பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள். இங்கே வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை, திரை பிடிக்கவாவது உதவட்டும்.

தண்ணீரில் தாண்டு போனவர்களைப் பற்றிப் பாசிக்குடாத் தம்பிமார்தான் அதிகம் பேசினார்கள். பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நாங்கள் கண்ணால் கண்டவை. அப்படி வருவது வயிற்றுத் தண்ணீர், அது திரும்ப மூச்சுக்குழாய்க்குள் போகும், பிள்ளைக்கு இல்லாமல் போனது காற்று. அதனால் மூச்சு நின்றிருந்தால் முதலில் ஐந்து மூச்சு ஊத வேண்டும், பிறகுதான் நெஞ்சு. வாழைச்சேனை ஐயா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. 2004 மார்கழி 26 சுனாமியை நினைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரத்தம். 1990 தம்பி ஒருவன் டூர்னிகே பட்டியைக் கொண்டுவந்தான். அகலப் பட்டி, நடுவில் முறுக்குகிற ஒரு சின்னத் தடி. கையில் காலில் அமுக்கி நிற்காத இரத்தம் என்றால், காயத்துக்கு ஐந்து ஏழு சென்ரிமீற்றர் மேலே, மூட்டில் படாமல், முறுக்கு. இரத்தம் நிற்கும்வரை முறுக்கு. நேரத்தை எழுது. அப்புறம் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் கழற்றுவது. என் இடது கையில் கட்டி, மணிக்கட்டு நாடியில் விரல் வைக்கச் சொன்னான்.

"வலிக்குதா அக்கா?"

"வலிக்குது."

"அப்ப இன்னும் ஒரு முறுக்கு."

விரலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்த நாடி மெலிந்து மெலிந்து, அணைந்தது. கை சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தது. இடுப்புப் பட்டியையோ ஒடுங்கின கயிற்றையோ வெறுமனே கட்டினால் இந்த இறுக்கம் வராது, தோலை வெட்டும், நாடி ஓடிக்கொண்டே இருக்கும் என்றான். துணிதான் இருக்கிறது என்றால் அகலமாக மடித்து, தடி விட்டு முறுக்க வேண்டும். பெரியப்பாவின் சாரன் கட்டு நினைவுக்கு வந்தது. பாம்புக் கடிக்கு அவர் கட்டியதை, அகலமும் ஒரு தடியும் சேர்த்து, அந்த டிப்பர் பொடியனுக்கு யாராவது கட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

தேத்தண்ணி நேரம் அந்தத் தம்பியிடம் களுதாவளைக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டான். "சால்வையை எத்தனை தரம் எடுத்துப் பாத்தீங்க அக்கா?" என்றான். மூன்று நாலு தரம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டுத் துணியைப் பிரித்து, இறைச்சிக் கடையில் வாங்கிவந்த ஆழமான ஓட்டை போட்ட இறைச்சித் துண்டை என் முன்னால் வைத்தான். துணியை விரலால் ஓட்டையின் அடிவரை திணித்து நிரப்பி, இரண்டு கையாலும் அமுக்கி, மூன்று நிமிடம் எடுக்காமல் இருக்கச் சொன்னான். மூன்று நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இருபது விநாடிக்கும் என் கை தூக்கிப் பார்க்கப் போனது. அவன் தன் கையை என் கைக்கு மேலே வைத்துக்கொண்டே இருந்தான்.

பாம்புக் கடி வகுப்பை டொக்டரே எடுத்தார். கட்டாதே, வெட்டாதே, உறிஞ்சாதே. மோதிரம், கொலுசு, கறுப்பு நூல் எல்லாம் கழற்று, வீங்கும். கடிபட்ட காலை உடைந்த காலைப் போல அசையாமல் வை, நடக்க விடாதே. பாம்பை அடித்துக் கொண்டுவர மெனக்கெடாதே. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைப்பார்களாம். உறையாவிட்டால் விரியன் விசம் உடம்பில் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். "கட்டாதே" என்று இருபது வருசமாகச் சொல்கிறார்கள், ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கட்டுகிறோம் என்று ஒருவர் சொன்னார். டொக்டர் ஒத்துக்கொண்டார். நீங்கள் போகும்போது ஏற்கெனவே கட்டியிருக்கும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எல்லோரும் "அவிழ்ப்போம்" என்றோம். அதுவும் பிழை. இறுக்கிக் கட்டி நேரமான கட்டைச் சடாரென்று அவிழ்த்தால் தேங்கிய விசம் ஒரேயடியாக உள்ளே போகும். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு அப்படியே கொண்டு வாருங்கள், மருந்தும் ஆட்களும் தயாராக இருக்கிற இடத்தில் நாங்கள் அவிழ்க்கிறோம் என்றார்.

அவர் சொன்னதில் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியே இருக்காது சில வேளை. விடியற்புறம் வயிற்று நோ என்பார். கண் இமை சரியும். வாய் குழறும். மெல்ல மெல்ல மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்துவிடும். ஆள் செத்துவிட்டதாக வீட்டார் அழுவார்கள். அவருக்கோ உள்ளே நினைவு இருக்கும், அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், விரலை அசைக்க முடியாது. அந்த ஆளுக்கு வேண்டியது, முகமூடியும் பையும் சேர்ந்த கருவியால் ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு, ஆஸ்பத்திரி வாசல்வரை. வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். ஒருவர் இரண்டு கையாலும் முகமூடியை முகத்தோடு பிடிக்க, மற்றவர் பையை அமுக்கினால்தான் காற்று ஒழுகாது. நாங்கள் ஜோடி ஜோடியாக அதை அரை மணி நேரம் இடைவிடாமல் செய்தோம். கை கொதித்தது. மண்டூரிலிருந்து களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போகிற நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு நான் அமுக்கினேன்.

நாலாம் நாள், பலர் ஒரே நேரம் காயப்பட்டால் யாரை முதலில் பார்ப்பது என்ற பாடம். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டைகள். நடக்கக்கூடியவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிடு, அவர்களுக்குப் பச்சை. மிச்சப் பேருக்கு மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டுகிறதா, மணிக்கட்டில் நாடி இருக்கிறதா, சொன்னதைச் செய்கிறார்களா. மூச்சு வழியைத் திறந்தும் மூச்சில்லை என்றால் கறுப்பு, விட்டுவிட்டு அடுத்தவர். இந்த "விட்டுவிட்டு" என்ற இடத்தில் மண்டபம் அமைதியானது. மட்டக்களப்பில் இந்தப் பாடத்தைச் சீயோன் தேவாலயத்தை நினைக்காமல் படிக்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே குண்டு வெடித்தது. போனவர்களில் சிறுவர் பலர். காத்தான்குடிப் பொடியனும் அன்றைக்குத் தெருவில் ஓடிய டவுன்காரர் ஒருவரும் அட்டைகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். டவுன்காரர் சொன்னது இவ்வளவுதான்: "நாங்க கத்தினவங்களைத்தான் தூக்கினோம்." கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போ என்று அட்டையில் இருந்தது. யாரும் அதைத் திரும்ப வாசிக்கவில்லை. காத்தான்குடிப் பொடியன் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தான்.

வலிப்பு, நெருப்புக் காயம், ஹெல்மெட்டை இரண்டு பேர் சேர்ந்து கழற்றுவது, யானை அடித்தவரைக் காட்டு வழியில் தூக்குவது எல்லாம் ஐந்தாம் நாளில் ஓடிப்போனது. வலிப்புக்கு இரும்புச் சாவி கொடுப்பதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் வாக்குவாதம். அதை விடுவோம்.

குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து நாளும் நாங்கள் பழகிய கருவிகள் கடைசி நாள் மாலை பெட்டியில் ஏறிப் போய்விட்டன. எங்கள் கையில் சான்றிதழ். முகமூடிப் பை ஊருக்கு ஒன்றாவது தாருங்கள் என்று கேட்டோம். அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அந்த அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை. நாங்கள் ஊருக்குள் காசு சேர்த்து ஒன்று வாங்கினோம், அது என் கடையில் போட்டோக்கொப்பி மெசினுக்கு மேலே தொங்குகிறது. பழகியது சில மாதத்தில் கையை விட்டுப் போகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டிய பிறகு தலையணையை வைத்து அமுக்குகிறேன். அக்காவின் மகள் மணிக்கூடு பார்ப்பாள். "பெரியம்மா என்று நினைச்சு அமத்துங்க சித்தி" என்பாள், அவளுக்குப் பெரியம்மாவோடு கோபம் என்றால்.

தை மாதம், அறுவடை தொடங்கி ஒரு கிழமை. ஏழரை மணியிருக்கும், கடைக்கு மூன்றாம் வளவில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் போகும்போது காலில் இரண்டு கட்டு. என் கை நேராகக் கட்டுக்குத்தான் போனது. எடுத்துவிட்டேன். எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன், ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். தொலைக்காட்சியில் செய்தி தொடங்கி இருபது நிமிடம் என்று கடிபட்டவரே சொன்னார். அது 7.20. அவருடைய கால் முழுக்கச் சேறு, பேனை பிடிக்கவில்லை, என் கையில் எழுதிக்கொண்டேன். 1990க்கு எடுத்தேன். எந்த இடம் என்று கேட்டால் "ஆலையடிப் பிள்ளையாருக்குப் பின்னால்" என்று சொல்கிற ஊர் எங்களுடையது. ஆகவே ஒரு பொடியனை மோட்டார் சைக்கிளோடு மெயின் சந்திக்கு அனுப்பி லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். காலுக்குப் பலகை வைத்து, அசையாமல் மடிக்காமல் கட்டினோம். மனைவி விசகடி வைத்தியரிடம் போவோம் என்று அழுதார். அவரையே யாரோ கூட்டிவந்துவிட்டார்கள். வயது போனவர், டோர்ச் அடித்து இமையைப் பார்த்தார், பல் அடையாளத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க புள்ள, சுறுக்கா" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

வண்டியில் நானும் போனேன். பையைத் தொட வேண்டி வரவில்லை. வழி முழுக்க நான் செய்தது, அவருடைய இமையைப் பார்த்ததும், பேச்சுக் கொடுத்ததும், கட்டைத் தொடப் போன அவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டதும்தான். ஆஸ்பத்திரியில் நேரம் கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினேன்.

அது பேமனன்ட் மார்க்கர், கடையில் சீடிக்கு எழுதுவது. மூன்றாம் நாளும் போகவில்லை. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன புள்ள, கையில ஆருட நம்பர்?"

"நம்பர் இல்லம்மா. மணி."